ஆறு நிமிட நடை

அத்தியாயம் 14

விடியற்காலை ஐந்தரை மணிக்கே யோகேஸ்வரி பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தாள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல். எட்டாவது தடவையில் தொடை நடுங்கியது. விடவில்லை. ஒன்பது. பத்து.

"இன்னிக்கு ஒண்ணும் செய்ய வேணாம்னு ஆஸ்பத்திரி மிஸ் சொன்னாங்கல்ல," என்றாள் மகள் நிரோஷா, தலையைப் பின்னிக்கொண்டே. "அங்க போய் நடக்கிறதுக்கு முன்னாடியே களைச்சிடாதீங்கம்மா."

"பழகிப்போச்சுடி. செய்யலேன்னா பல்லு வெளக்காத மாதிரி இருக்கு."

மூன்று வாரத்துக்கு முன்னால் இதே கதிரையில் நான்கு தடவை எழுந்தவுடன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள்தான் அவள்.

கல்பொத்த தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், யோகம் என்று எல்லோரும் கூப்பிடும் யோகேஸ்வரிக்குப் பதினெட்டு வருட வேலை. ரப்பர் பால் வெட்டப் போகிற தாய்மார் விட்டுச் செல்லும் குழந்தைகளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்க வைப்பாள். மாசி மாதம் ஒரு நாள் கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கையில் இருமல் வந்தது. இந்தத் தடவை இருமலோடு ரத்தம். கேகாலையில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். கொழும்பில் ஊசி விட்டுச் சதை எடுத்துச் சோதித்தார்கள். வலது நுரையீரலின் மேல்பகுதியில் புற்றுநோய். வேறெங்கும் பரவவில்லை.

வெட்டி எடுத்துவிடலாம் என்றார் கொழும்பு டொக்டர். ஆனால் வெட்டிய பிறகு மிச்சமிருக்கும் நுரையீரல் அந்த உடம்பைத் தாங்க வேண்டுமே! அன்று ஆறு நிமிடத்தில் யோகம் நடந்த தூரம் இருநூற்று எண்பது மீட்டர். மூன்று வாரம் தவணை கொடுத்தார். நடந்து, படியேறி, மூச்சுப் பயிற்சி செய்து நானூறைத் தொட்டால் ஒப்பரேஷன். தொடாவிட்டால் கதிர்வீச்சு வைத்தியம் மட்டும். அது எத்தனை வருடம் கொடுக்கும் என்று நிரோஷா கேட்டபோது அவர் பேனையை மூடி வைத்துவிட்டு, "முதலில் நடக்கட்டும்" என்றார்.

அந்த மூன்று வாரத்தின் கடைசி நாள்தான் இன்று.

தோட்டத்து வரிசைவீடுகளான லயத்தில் ஆளுக்கொரு பேச்சு. நோய் வந்தவளைப் படுக்க வைத்துக் கஞ்சி கொடுக்காமல், கோயில் மேட்டுக்கு ஏற்றி இறக்குகிறார்களே என்று தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் பேசிக்கொண்டார்கள். நிரோஷாவின் காதுபடவே ஒருத்தி சொன்னாள்: "பெத்தவள இப்படி வதைக்கிற புள்ளைய நான் பாத்ததில்ல." அன்று நிரோஷா வீட்டுக்கு வந்து குடத்தை வைத்துவிட்டு அழுதாள். மறுநாள் மாலை ஐந்து மணிக்கு அம்மாவின் செருப்பை எடுத்து வாசலில் வைத்தாள்.

கூட நடந்தவர் சந்தனம், யோகத்தின் கணவர். தோட்டத்து ரப்பர் தொழிற்சாலையில், ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் அறையில் இருபத்தாறு வருடமாக விறகு தள்ளுகிறவர். நோயின் பெயர் தெரிந்த அன்றே பீடிக்கட்டை அடுப்பில் போட்டார். யாரும் சொல்லவில்லை. யாரிடமும் எதுவும் சொல்லவும் இல்லை. அன்றாடம் வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, மனைவியின் பின்னால் நடக்கத் தொடங்கினார். பேச்சு கிடையாது. ஒரு நாளும் தவறவும் இல்லை.

இன்று அவருக்கு அரை நாள் லீவு. தோட்டத்தில் முச்சக்கர வண்டி ஓட்டும் பவாஸ் ஆறு மணிக்கு லயத்தடிக்கு வந்தான்.

"அக்கா, இன்னைக்கு நீங்க ஓடியே காட்டணும்," என்றான் பவாஸ்.

யோகம் சிரிக்க முயன்றாள். வண்டி இறக்கத்தில் திரும்பியபோது மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை மெயின் ரோட்டில் பஸ் ஏறும்வரை தளரவில்லை.

* * *

கேகாலை ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவு இரண்டாம் மாடியில். அங்கே பயிற்சி கொடுக்கும் றஸ்மியா மிஸ் மாவனெல்லைக்காரி. முப்பது வயதிருக்கும். மென்மையான குரல். ஆனால் நோயாளி ஏமாற்றினால் உடனே கண்டுபிடித்துவிடுவாள்.

"மூணு உருண்டையும் மேல போகுதா?" என்று கேட்டாள். மூச்சை இழுத்தால் உருண்டைகள் எழும்பும் அந்தப் பிளாஸ்டிக் கருவியை அவள்தான் கொடுத்தனுப்பியிருந்தாள்.

"ரெண்டு போகுது மிஸ். மூணாவது ஆடிக்கிட்டு நிக்குது."

"உண்மையச் சொன்னீங்க. நல்லது."

நீண்ட நடைபாதையின் இரண்டு முனையிலும் செம்மஞ்சள் கூம்பு ஒவ்வொன்று வைத்திருந்தது. இடையில் முப்பது மீட்டர். றஸ்மியா யோகத்தின் விரலில் கருவியை மாட்டி ஒட்சிசன் அளவு பார்த்தாள். பிரஷர் பார்த்தாள்.

"ஓடக்கூடாது. உங்களால முடிஞ்ச வேகத்துல நடங்க. களைச்சா நிக்கலாம், செவுத்துல சாயலாம். ஆனா நேரம் நிக்காது. முடியுதுன்னா திரும்ப நடங்க. யாரும் கூட நடக்கக் கூடாது, அண்ணன். நீங்க இங்கயே உக்காருங்க."

எழுந்து நின்ற சந்தனம் மறுபடி உட்கார்ந்தார். அதே பெஞ்சில், தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு ஒரு சிங்களப் பெண் தன் முறைக்காகக் காத்திருந்தாள்.

யோகம் நடந்தாள்.

முதல் நான்கு நீளமும் சுலபமாகப் போயின. நிரோஷா உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். பதின்மூன்று முழு நீளம், அதற்கு மேல் பத்து மீட்டர். அவ்வளவும் நடந்தால்தான் நானூறு. ஆறாவது நீளத்தில் அம்மாவின் தோள்கள் மேலே ஏறத் தொடங்கின. ஏழாவதில் வாய் திறந்துகொண்டது.

"நல்லா நடக்கிறீங்க. இன்னும் மூணு நிமிஷம் இருக்கு," என்றாள் றஸ்மியா, தட்டையான குரலில். இந்தச் சோதனையில் அதற்கு மேல் அவள் பேசக் கூடாது.

ஒன்பதாவது நீளம் முடிந்து கூம்பைச் சுற்றித் திரும்பிய யோகம் நின்றாள். சுவரில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றினாள். முதுகு ஏறி இறங்கியது. நிரோஷா பெஞ்சிலிருந்து பாய்ந்து எழ, றஸ்மியா கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கையை உயர்த்தித் தடுத்தாள்.

மூன்று வாரத்துக்கு முன்னாலும் இதே இடத்தில்தான் நின்றாள். அன்று நின்றவள் திரும்ப நடக்கவில்லை.

பத்து விநாடி. பதினைந்து.

சந்தனம் எழுந்துவிட்டார். "வா யோகம்," என்றார். சத்தமாகக்கூட இல்லை. மூன்று வாரமும் மேட்டில் நடந்தபோது அவர் பேசியதாக நிரோஷாவுக்குத் தெரியாது. "வா, போவம்."

யோகம் உதட்டைக் குவித்து, மிஸ் கற்றுக்கொடுத்தபடி மெழுகுவர்த்தியை ஊதுவதுபோல மூச்சை மெல்ல வெளியே விட்டாள். ஒன்று. இரண்டு. மூன்று. சுவரிலிருந்து கையை எடுத்தாள். நடந்தாள்.

பத்து. பதினொன்று. கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை. பன்னிரண்டு. "கடைசி நிமிஷம்," என்றாள் றஸ்மியா. பதின்மூன்று. கூம்பைச் சுற்றித் திரும்பினாள்.

"நில்லுங்க."

நின்ற இடத்துக்கே கதிரை வந்தது. றஸ்மியா அளக்கும் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய்க் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவளுடைய தொழில் முகம் கொஞ்சம் கலைந்திருந்தது.

"நானூத்து ஆறு."

நிரோஷா அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். யோகம் மகளின் தலையைத் தடவினாள். பேச இன்னும் மூச்சு வரவில்லை.

* * *

கொழும்புக்கு றஸ்மியா உடனே தொலைபேசியில் சொன்னாள். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. திங்கட்கிழமை வார்டில் சேர வேண்டும். புதன்கிழமை காலை ஒப்பரேஷன்.

"நல்லா உழைச்சிருக்கீங்க அக்கா. தனியாவா நடந்தீங்க?"

"இல்ல மிஸ், இவரும்தான் வந்தாரு." யோகத்துக்கு இப்போது மூச்சு சீராகி, பேச்சில் ஒரு தெம்பு வந்திருந்தது. "முதல்ல நான்தான் நின்னு நின்னு போவேன். இப்ப இவருக்காக நான் நிக்க வேண்டியிருக்கு. கோயில் வளைவுல ஒரு தடவ, மேட்டுல ஒரு தடவ. வயசாகிப் போச்சு மனுசனுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். றஸ்மியாவும் சிரித்தாள். ஆனால் அவள் கண் சந்தனத்திடம் போய் அங்கேயே நின்றது. கழுத்தடியில் குழி விழ விழ மூச்சு இழுக்கும் மனிதர். நடந்தவர்கூட இல்லை. அரை மணி நேரமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்.

"அக்கா, நீங்க சோமா அக்காவோட கொஞ்சம் பேசிட்டிருங்க. அவங்களுக்கு ஒப்பரேஷன் முடிஞ்சு அஞ்சு கிழமை," என்று பெஞ்சிலிருந்த சிங்களப் பெண்ணைக் காட்டினாள். பிறகு திரும்பி, சாதாரணமாகச் சொன்னாள்: "அண்ணன், நீங்க ஒரு நிமிஷம் உள்ள வாங்க. நிரோஷா, நீங்களும்."

உள்ளே கதவைச் சாத்தியதும் விரலில் கருவியை மாட்டினாள். ஒட்சிசன் தொண்ணூறு என்று காட்டியது, தொண்ணூற்றைந்தாவது இருக்க வேண்டியது. வேறு விரலில் மாட்டினாள். அங்கேயும் தொண்ணூறு.

"எத்தன நாளா இருமல்?"

"புகையில வேல செய்யிறவனுக்கு இருமல் இல்லாம இருக்குமா மிஸ்?"

"எத்தன நாளான்னு கேட்டேன்."

சந்தனம் மகளைப் பார்க்காமல் சொன்னார். "தீபாவளிக்கு முந்தியிருந்து."

"மெலிஞ்சிருக்கீங்களா?"

அவர் பெல்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். நிரோஷாவின் பார்வை அவருடைய இடுப்புக்குப் போனது. பெல்ட்டில் ஆணியால் குத்திய புதுத் துளை ஒன்று இருந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதை எப்படிப் பார்க்காமல் விட்டேன்? அம்மாவின் எடையை வாராவாரம் கொப்பியில் எழுதியவள் அவள்தான்.

கீழ் மாடியில் படம் எடுத்தார்கள். பதினோரு மணிக்கு டொக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னார். சந்தனத்துக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். ஆனாலும் மகள் தமிழில் சொல்லும்வரை காத்திருந்தார்.

"இடது பக்கம் ஒரு நிழல் தெரியுதாம்பா. பழைய சளித் தழும்பாவும் இருக்கலாம். வேற என்னமாவதாவும் இருக்கலாம். ஸ்கேன் எடுக்காம சொல்ல ஏலாதாம். புதன்கிழமைக்கு இங்க ஒரு ஆள் வரமாட்டாராம். அந்த எடம் இருக்கு. அத விட்டா அடுத்த மாசக் கடைசி."

"புதன்கிழமை அம்மாவுக்கு."

"தெரியும்பா."

"அப்ப அடுத்த மாசம் பாத்துக்குவம்." வெளியே வந்ததும் மாடிப்படியின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நிரோஷா, அவகிட்ட மூச்சு விடாத. தெரிஞ்சா கத்திக்குப் போகமாட்டா. வீட்டுல உக்காந்துடுவா. மிஸ், நீங்களும் சொல்லிடாதீங்க. உங்கள கும்புட்டுக் கேக்கிறேன்."

கூடவே இறங்கி வந்திருந்த றஸ்மியா படியில் நின்றாள்.

"நானா போய்ச் சொல்லமாட்டேன் அண்ணன். ஆனா அவங்க கேட்டா பொய் சொல்லவும் மாட்டேன். ஒப்பரேஷன் முடிஞ்சு அடுத்த நாளே அவங்க எழும்பி உக்காரணும், இருமணும், குழாய் மாட்டின போத்தலத் தூக்கிக்கிட்டு நடக்கணும். அந்த நேரத்துல வந்து தெரியவர்றது நல்லதா, இப்பவே தெரியறது நல்லதா? யோசிங்க."

* * *

வெளியே பெஞ்சில் சோமாவதி தன் வலது கையைச் சுவரில் விரலால் ஏற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். தோளுக்கு மேலே கொஞ்சம் போனதும் முகம் சுருங்கியது. அதையும் மறைக்காமல் காட்டினாள்.

அரநாயக்கப் பக்கத்துக்காரி. தமிழ் அரைகுறை, யோகத்தின் சிங்களமும் தோட்டத்துச் சிங்களம். இரண்டையும் கலந்து பேசிக்கொண்டார்கள். ஒப்பரேஷன் முடிந்த முதல் நாள் இருமச் சொன்னபோது தாதியைத் திட்டினாளாம். விலா எலும்பு பிளக்கிற மாதிரி இருந்ததாம். தலையணையை வெட்டிய பக்கத்தில் இறுக்கி அணைத்துக்கொண்டு இருமினால்தான் தாங்குமாம். இருமாமல் அடக்கிய பக்கத்துக் கட்டில்காரிக்குச் சளி கட்டிக் காய்ச்சல் வந்ததாம். மூன்றாம் நாள் வார்டைச் சுற்றி நடந்தாளாம். இப்போது வீட்டிலிருந்து பௌத்த கோயிலான பன்சலை வரைக்கும் போய் வருகிறாளாம். படி ஏறும்போது மட்டும் இன்னும் இரண்டு இடத்தில் நிற்பாளாம்.

"வலிக்கும் அக்கே. வலிக்காதுன்னு சொல்ல மாட்டேன்," என்றாள். "ஆனா பய வென்ட எபா, பயப்படாத. வலிச்சாலும் எழும்பிடு."

யோகம் அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கணவரும் மகளும் வருவது தெரிந்தது. இருவருடைய முகத்தையும் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

கேகாலை பஸ் நிலையத்தில், தோட்டத்துப் பக்கம் போகும் அரநாயக்க பஸ் புறப்பட இருபது நிமிடம் இருந்தது. நிரோஷா மூன்று பேருக்கும் தேநீர் வாங்கி வந்தாள். சந்தனம் கோப்பையை வாங்கக் கையை நீட்டினார்.

"உங்களுக்கு எதுக்குப் படம் எடுத்தாங்க?" என்றாள் யோகம்.

"எனக்கென்ன படம்?"

"சட்டையில பித்தான் மாறிக் கெடக்கு. காலையில ஒழுங்காத்தான் போட்டிருந்தீங்க. ஆஸ்பத்திரியில எதுக்குச் சட்டையக் கழட்டச் சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? இந்த வருஷம் நான் எத்தன தடவ கழட்டியிருக்கேன்."

சந்தனம் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். கீழே ஒரு பித்தானும் மேலே ஒரு துளையும் ஜோடியில்லாமல் நின்றன. நிரோஷா கோப்பையோடு நின்ற இடத்திலேயே நின்றாள்.

"நீ சொல்லு," என்றாள் அம்மா மகளிடம்.

நிரோஷா சொன்னாள். நிழல், ஸ்கேன், புதன்கிழமை. சொல்லி முடிக்கும்வரை யோகம் குறுக்கிடவில்லை. பக்கத்தில் கண்டக்டர் ஒருவன் கொழும்பு, கொழும்பு என்று கத்திக்கொண்டிருந்தான்.

"முப்பது வருஷம் லயத்துல அந்தச் சின்னக் காம்பராவுல பீடி ஊதினேன்," என்றார் சந்தனம். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கதவச் சாத்திக்கிட்டு. நீயும் புள்ளைங்களும் உள்ளுக்க. உனக்கு வந்தது என்னாலதான் யோகம். எனக்கு வந்தா அது நியாயம். உனக்கு ஏன் வரணும்?"

யோகம் அவர் பக்கம் நகர்ந்து வந்தாள். அவருடைய சட்டையின் மேல் பித்தானைக் கழற்றி, சரியான துளையில் போட்டாள். அடுத்ததையும் போட்டாள்.

"உங்களாலயா இல்லையான்னு டொக்டர்கிட்ட நான் தனியாக் கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், சொல்ல ஏலாதுன்னாரு. நானும் அடுப்படிப் புகையில கெடந்தவதானே." கடைசிப் பித்தானில் கை நின்றது. "எனக்குக் கோவமே இல்லேன்னு நெனைக்காதீங்க. இருக்கு. ஆனா கோவப்படவும் மூச்சு வேணும். இப்ப இருக்கிற மூச்சு புதன்கிழமைக்கு வேணும்."

சந்தனத்தின் கண் நிறைந்தது.

"நான் திங்கக்கிழமை போறேன். நீங்க புதன்கிழமை ஸ்கேனுக்குப் போறீங்க. போகலேன்னா நான் அந்தக் கட்டில்ல ஏறமாட்டேன்."

"உன்கூட யாரு இருப்பா?"

"நான்," என்றாள் நிரோஷா. உடனே அப்பாவைப் பார்த்தாள். "இல்ல... அப்பாகூட..."

கேகாலையிலும் கொழும்பிலும் ஒரே காலை. இரண்டு பேருக்கும் அவள் ஒருத்தி.

"கிருஷ்ணராஜ் இருக்கான்," என்றாள் யோகம்.

அந்தப் பெயர் சந்தனத்தின் முன்னால் ஒலித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நிரோஷாவுக்கு இளையவன். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது, "உங்க பீடியாலதான் அம்மா இருமிக்கிட்டே இருக்காங்க" என்று அப்பாவின் முகத்துக்கு நேரே சொன்னான். சந்தனம் எச்சில் கையோடு அவனை அறைந்தார். விடிந்ததும் அவன் கொழும்புக்குப் பஸ் ஏறினான். அங்கே ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. அம்மாவுக்குச் சதை எடுத்த அன்று, அப்பா தேநீர் குடிக்கப் போன இடைவெளியில் வார்டுக்கு வந்து அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு, அவர் திரும்புவதற்குள் போய்விட்டான்.

யாரும் குடிக்காத தேநீரில் ஆடை படிந்தது.

நிரோஷா கைபேசியை எடுத்தாள். "நான் பேசுறேன்பா."

"வேணாம்." சந்தனம் கையை நீட்டினார். "நம்பரப் போட்டு எங்கிட்டக் குடு."

மணி அடித்தது. இரண்டு தடவை, மூன்று தடவை. சந்தனம் கைபேசியைக் காதில் அழுத்திப் பிடித்திருந்தார். யோகம் அவருடைய மறு கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுக்கா! அம்மா எவ்வளவு நடந்தாங்க?"

சந்தனம் வாயைத் திறந்தார். சொல்ல நினைத்த சொல்லுக்கு முன்னால் இருமல் வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. குனிந்து, கைபேசியை விடாமல், இருமி இருமி ஓய்ந்தார்.

மறுமுனையில் கடைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் குறைந்தது. அவன் வெளியே வந்திருக்க வேண்டும்.

"அப்பா?"

"ம்." சந்தனம் தொண்டையைச் சரிசெய்தார். "நானூத்து ஆறு நடந்துட்டா. புதன்கிழமை ஒப்பரேஷன்." மூச்சு வாங்கினார். "அன்னிக்கு உனக்கு லீவு எடுக்க ஏலுமா தம்பி?"

அரநாயக்க பஸ் உறுமிக்கொண்டு பின்னால் எடுத்தது. நிரோஷா பையைத் தூக்கினாள்.

"லீவு எடுக்கிறேன்," என்றான் கிருஷ்ணராஜ் கடைசியில். குரல் மாறியிருந்தது. "நீங்க இருமுறதக் கேட்டேன். யாருக்கு எடுக்கட்டும்? அம்மாவுக்கா, உங்களுக்கா?"